முதல் சீவி எழுதுவது எப்படி: ஓ.எல்., ஏ.எல். முடித்த திருகோணமலைப் பிள்ளைகளுக்கு

ஓ.எல். என்ற சாதாரண தரப் பரீட்சை முடிந்து ஒரு கிழமை ஆகவில்லை, வீட்டில் அந்தக் கேள்வி தொடங்கிவிடும். "ரிசல்ட் வரும்வரை சும்மாதான் இருக்கப் போறியா?" ஏ.எல். என்ற உயர்தரம் முடித்தவர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்கும். காத்திருக்கும் காலம் அவர்களுக்கு நீளம். சரி, ஏதாவது வேலைக்குப் போவோம் என்று வெளிக்கிட்டால், உப்புவெளி ஹோட்டலோ என்.சி. வீதிக் கடையோ, முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "சீவி கொண்டு வந்தனீங்களா?" சீவி என்றால் உங்கள் சுயவிபரக் கோவை.

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் அலுவலகத்தில் சில வருடங்கள் வேலை செய்தேன். எங்கள் கரையில் சீசன் சித்திரையில் தொடங்கிப் புரட்டாதி வரை போகும். அதனால் பங்குனி மாதத்தில் மேசையில் சீவிகள் குவியும். பாதிக்கு மேல் ஒரே அச்சு. கொமினிகேஷன் கடைக் கொம்பியூட்டரில் யாரோ எப்போதோ செய்து வைத்த பக்கத்தில் பெயரையும் விலாசத்தையும் மாத்திரம் மாற்றியிருப்பார்கள். ஒரு தடவை ஒரு தம்பியின் சீவியில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறொருவரின் தகப்பன் பெயர் இருந்தது. கேட்டால், "கடை அண்ணா மாத்த மறந்திட்டார்" என்றான்.

பிள்ளைகளோடு பேசிப் பார்த்ததில் எனக்கு விளங்கியது இதுதான். அவர்கள் சோம்பலால் அப்படிச் செய்வதில்லை. தங்களிடம் எழுத ஒன்றுமில்லை என்று உண்மையாகவே நம்புகிறார்கள். அப்படி நம்பிய பிள்ளையிடம் பத்து நிமிடம் கதை கேட்டால் ஒரு பக்கம் நிரம்பிவிடும்.

அதற்கு முன் வயதைப் பாருங்கள். 2021இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இலங்கையில் ஒருவரை வேலைக்கு எடுக்கக்கூடிய குறைந்த வயது 16. அதற்கு முன் 14 ஆக இருந்தது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை ஆபத்தான வேலைகளில் சேர்க்க முடியாது. 15 வயதில் ஓ.எல். எழுதிவிட்ட பிள்ளை என்றால் கொஞ்சம் பொறுங்கள். அதுவரை கொப்பியை நிரப்பலாம்.

முதலில் கொப்பி, பிறகுதான் கொம்பியூட்டர்

ஆம், கொப்பிதான். கன்வாவையோ வேர்ட்டையோ திறந்தவுடன் எந்த நிறம், எந்த டிசைன் என்று மனம் அலையும். பழைய கொப்பியின் பின் பக்கத்தில், கடந்த மூன்று நான்கு வருடங்களில் நீங்கள் செய்த எல்லாவற்றையும் வரிசை பார்க்காமல் எழுதுங்கள். பாடசாலையில் என்ன பொறுப்பு? மாணவ முதல்வரா, வகுப்புத் தலைவரா, நூலகத்தில் உதவினீர்களா? சாரணர், சென் ஜோன்ஸ் முதலுதவி, இல்ல விளையாட்டுப் போட்டி? கோவில், பள்ளிவாசல், தேவாலய வேலைகள்? சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம்? வீட்டுக் கடை, வயல், படகு, தையல்? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா? மாமாவின் கடை பேஸ்புக் பக்கத்தை நீங்கள்தான் பார்க்கிறீர்களா? அம்மாவுக்கு வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது யார்?

"இதெல்லாம் வேலையா?" என்று நினைக்காமல் எழுதுங்கள். வெட்டுவது அப்புறம்.

அடுத்து, எங்கே கொடுக்கப் போகிறீர்கள் என்று இரண்டு மூன்று இடங்களைத் தீர்மானியுங்கள். ஹோட்டல் என்றால் மொழியும் ஆட்களோடு பழகுவதும் முக்கியம். சுப்பர்மார்க்கெட், புடவைக்கடை, பார்மசி என்றால் கணக்கும் நேரத்துக்கு வருவதும். டியூஷன் நிலையத்திலோ அலுவலகத்திலோ உதவியாளர் என்றால் தட்டச்சும் ஒழுங்கும். கொப்பியில் எழுதியவற்றில் எது எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று பக்கத்தில் ஒரு அடையாளம் போடுங்கள். ஒரே சீவியை எல்லா இடத்துக்கும் கொடுக்கலாம்தான். ஆனால் இரண்டு வரியை முன்பின் மாற்றி வைத்தாலே, அந்த இடத்துக்காகவே எழுதியது போலத் தெரியும்.

பக்கத்தின் மேல் பகுதி

ஒரே ஒரு ஏ4 பக்கம். பாடசாலை முடித்த ஒருவருக்கு அதற்கு மேல் தேவைப்படாது. மூன்று பக்கச் சீவி கொண்டு வந்த பிள்ளைகளிடமும் ஒரு பக்கத்துக்கான விஷயம்தான் இருந்தது. மிச்சம் இரண்டு பக்கம் கோடும் வெற்றிடமும்.

மேலே பெயர், கொஞ்சம் பெரிய எழுத்தில். அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். எங்கள் பெயர்களில் இது பெரிய தலையிடி. பிறப்புச் சான்றிதழில் 'டி' மட்டும் இருக்கும், அடையாள அட்டையில் 'டிஎச்' ஆகிவிடும், பாடசாலை இடாப்பில் மூன்றாவது விதமாக இருக்கும். சீவியில் நான்காவது விதம் ஒன்றைப் புதிதாக உருவாக்க வேண்டாம். முதலெழுத்துகளோடு ஒரு தரம், முழுப்பெயராக ஒரு தரம் எழுதினால் போதும்.

தொலைபேசி இலக்கம் உங்கள் கையில் இருக்கும் போனுடையதாக இருக்கட்டும். போன் இல்லாவிட்டால் அம்மாவின் அல்லது அக்காவின் இலக்கத்தைக் கொடுங்கள், ஆனால் அழைப்பு வரும் என்று அவர்களிடம் சொல்லி வையுங்கள். ஒரு முறை ஒரு பிள்ளைக்கு நான் எடுத்தபோது, "அப்படி ஒருத்தரும் இங்க இல்லை" என்று சொல்லிப் போனை வைத்தவர் அந்தப் பிள்ளையின் சொந்த அப்பா. யாரோ ஏமாற்ற எடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரில் இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் விளையாட்டாக வைத்த பட்டப்பெயர் முகவரி வேண்டாம். கொமினிகேஷன்காரர் திறந்து தந்து, கடவுச்சொல்லும் அவருக்கு மாத்திரம் தெரிந்த முகவரியும் வேண்டாம். புதிதாக ஒன்று திறக்க ஐந்து நிமிடம்.

விலாசத்துக்கு ஊர்ப் பெயர் போதும்: சாம்பல்தீவு, அலஸ்தோட்டம், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று. வேலை கொடுப்பவர் இதைப் பார்த்து ஒன்றை யோசிப்பார்: இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்தால் இந்தப் பிள்ளை எப்படி வீட்டுக்குப் போகும்? மூதூரிலிருந்து நிலாவெளிக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றால், "உப்புவெளியில் உறவினர் வீட்டில் தங்கி வேலை செய்ய முடியும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரிக்காகவே சிலரைக் கூப்பிட்டிருக்கிறோம்.

இனம், சமயம், திருமண நிலை, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எங்கள் நாட்டுச் சீவிகளில் வழமையாக இருப்பவை. தனியார் வேலைக்கு இவற்றை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. வேலைக்கு எடுத்த பிறகு அடையாள அட்டைப் பிரதி கேட்பார்கள், அப்போது கொடுக்கலாம். அரச வேலை என்றால் அதற்கென்று தனி விண்ணப்பப் படிவம் இருக்கும், அதில் கேட்டதை நிரப்பத்தான் வேண்டும். படம் கேட்டால் மட்டும் வையுங்கள். ஸ்டூடியோவில் எடுத்ததாக இருக்கட்டும், கலியாண வீட்டுச் செல்பியை வெட்டியதாக வேண்டாம்.

நோக்கம் என்ற அந்த இரண்டு வரி

பெயருக்குக் கீழே "சவால் மிக்க சூழலில் எனது திறமைகளை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிப்பதே எனது இலட்சியம்" என்று வரும். இதை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று கணக்கில்லை. ஒரு தரமும் அது எனக்கு எதையும் சொல்லவில்லை. அந்த இடத்தில் மூன்று விஷயம் சொல்லுங்கள்: என்ன வேலை வேண்டும், எப்போதிலிருந்து எப்போது வரை வர முடியும், அந்த வேலைக்கு உதவக்கூடியது உங்களிடம் என்ன இருக்கிறது. இப்படி:

"சாதாரண தரப் பரீட்சை எழுதியுள்ளேன். சித்திரை முதல் ஆவணி வரை முழுநேரமாக வேலை செய்ய முடியும். உணவகப் பகுதியில் உதவியாளராகச் சேர விரும்புகிறேன். தமிழும் சிங்களமும் தடையின்றிப் பேசுவேன்."

எப்போது வரை என்பதை மறைக்க வேண்டாம். ஏ.எல். வகுப்புத் தொடங்கியதும் போய்விடுவீர்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். சீசன் வேலைக்கு அது ஒரு குறையே இல்லை.

படிப்பு

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. கடைசியாகப் படித்தது மேலே. பாடசாலைப் பெயர், வருடம், பரீட்சை. ஓ.எல். பெறுபேறு வந்திருந்தால் ஒன்பது பாடங்களையும் இரண்டு நிரலில் சுருக்கமாக எழுதலாம். வரவில்லை என்றால் "பெறுபேறு எதிர்பார்க்கப்படுகிறது". ஒரு பாடத்தில் சித்தியில்லை என்றால் "சித்தியடைந்த பாடங்கள்" என்று தலைப்பிட்டு மற்றவற்றை எழுதுங்கள். அது பொய் இல்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பெறுபேற்றை மாற்றி எழுதுவது மட்டும் கூடவே கூடாது. சான்றிதழை நேரில் பார்க்கத்தான் போகிறார்கள்.

தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ ஏதாவது பயிற்சி முடித்திருந்தால் அதற்கு இங்கே நல்ல இடம் கொடுங்கள். என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் என்றால் எத்தனையாம் மட்டம் என்று எழுதுங்கள். மூன்று மாத ஆங்கில வகுப்பு, கொம்பியூட்டர் வகுப்பு எல்லாம் ஒரு வரி.

செய்தவற்றை எழுதும் இடம்

சீவியின் உயிர் இங்கேதான். கொப்பியை எடுங்கள்.

முதலில் ஒரு சொல்லைத் தள்ளி வைப்போம்: "பங்குபற்றினேன்". சான்றிதழ்களில் இருந்து அப்படியே இறங்கி வந்த சொல் இது. தமிழ்த்தினப் போட்டியில் பங்குபற்றினேன், சிரமதானத்தில் பங்குபற்றினேன், முகாமில் பங்குபற்றினேன். நீங்கள் அங்கே போய் என்ன செய்தீர்கள் என்பதை இந்தச் சொல் மூடிவிடுகிறது. இதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீங்கள் கையால் செய்த ஒன்றை வையுங்கள். கூடவே ஓர் எண்: எத்தனை பேர், எத்தனை நாள், எத்தனை மணி.

"தமிழ்த்தினப் போட்டியில் பங்குபற்றினேன்" என்று எழுதியிருந்த ஒரு தங்கச்சியிடம் கேட்டேன். நாடகமாம். நடித்தாயா என்றால், "இல்லை, நான் உடுப்புகளையும் சாமான்களையும்தான் பாத்துக்கொண்டனான்" என்றாள், ஏதோ குறைந்த வேலை போல. பன்னிரண்டு பேருடைய உடைகள், பட்டியல் போட்டு, வாடகைக்கு எடுத்து, ஒன்றும் தொலையாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். ஹோட்டலில் அறைப் பொருட்களுக்குப் பொறுப்பாக ஆள் தேடிக்கொண்டிருந்த எனக்கு, மேடையில் ராஜாவாக நடித்தவனைவிட இவள்தான் தேவை. நாங்கள் மாற்றி எழுதியது: "வலய மட்டத் தமிழ்த்தின நாடகப் போட்டி: 12 பேருக்கான உடைகள், பொருட்களின் பட்டியலைப் பேணினேன். அனைத்தையும் இழப்பின்றித் திருப்பி ஒப்படைத்தேன்."

இன்னும் சில.

"கோவில் தொண்டு" என்பதை இப்படி விரிக்கலாம்: "கோவில் திருவிழாவில் 10 நாட்கள் தண்ணீர்ப் பந்தல் வேலை. ஆறு பேருக்கு முறை அட்டவணை எழுதினேன்."

"அப்பாவுக்கு உதவி" என்பது: "புறாத்தீவுக்குப் போகும் குடும்பப் படகுச் சேவை: விடுமுறை நாட்களில் கரையில் பயணிகளின் பெயர் பதிதல், உயிர்காப்பு அங்கி கொடுத்தல், ஆங்கிலத்தில் விதிகளை விளக்குதல்." வெளிநாட்டுக்காரரிடம் "பவளப் பாறையை மிதிக்காதீர்கள்" என்று சிரித்த முகத்தோடு சொல்லத் தெரிந்த பிள்ளை ஹோட்டல் வரவேற்பு மேசைக்கு பாதி தயார்.

"கடையில் நிற்பேன்" என்பது: "குடும்பப் பலசரக்குக் கடை, 2 வருடம், மாலை 5 முதல் 8 வரை: விற்பனை, மிச்சக்காசு, கடன் கொப்பி." கடன் கொப்பியை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள் என்பதை வாசிப்பவர் கவனிப்பார். எங்கள் ஊரில் அதன் பாரம் எல்லோருக்கும் தெரியும்.

அம்மா தயிரோ இடியப்பமோ செய்து விற்க, ஓடர் எடுத்து, எண்ணிக் கட்டி, காசு வாங்கி வருவது நீங்களாக இருந்தால் அதுவும் இந்தப் பகுதிக்குரியதுதான்.

ஒன்றைப் பற்றி மட்டும் யோசித்துத்தான் சொல்கிறேன். அம்மா வெளிநாட்டில், தம்பி தங்கச்சியைப் பார்த்தபடி படித்த பிள்ளைகள் கிண்ணியாவிலும் மூதூரிலும் மட்டுமல்ல, நகரத்திலும் இருக்கிறார்கள். அதை எழுதலாமா என்று கேட்பார்கள். விரும்பினால் எழுதுங்கள்: "வீட்டுப் பொறுப்பு, 3 வருடம்: மாதச் செலவுக் கணக்கு, இரண்டு சிறுவர்களின் பாடசாலை அலுவல்கள்." காரணம் எழுதத் தேவையில்லை. இரக்கம் கேட்பது போல இருக்கும் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். அது உங்கள் முடிவு, வேறு யாருடையதும் அல்ல.

இந்தப் பகுதியில் நான்கிலிருந்து ஆறு வரிகள் போதும். போகும் இடத்துக்கு அதிகம் பொருந்துவது மேலே.

திறமைகள், மொழிகள்

"தலைமைத்துவம், குழுவாக இயங்குதல், கடின உழைப்பு" என்ற பட்டியலை எல்லோரும் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. மேலே எழுதிய வரிகளே அதைச் சொல்லிவிடும். இங்கே சோதித்துப் பார்க்கக்கூடியவற்றை எழுதுங்கள்: எக்செல்லில் கூட்டல், பட்டியல், தமிழ் தட்டச்சு, சைக்கிள் இருக்கிறது, முதலுதவிப் பயிற்சி, நீச்சல். டெம்ப்ளேட்டுகளில் வரும் ஐந்து நட்சத்திரம், எண்பது வீதக் கட்டம் எல்லாம் வேண்டாம். எண்பது வீத ஆங்கிலம் என்றால் என்ன என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மொழிகளைத் தனியாக எழுதுங்கள். திருகோணமலையில் இது மற்ற ஊர்களைவிடப் பெறுமதியானது. மூன்று மொழியிலும் வாடிக்கையாளர் வரும் நகரம் இது. பேசுவது, வாசிப்பது, எழுதுவது என்று பிரித்துச் சொல்லுங்கள். "சிங்களம்: நன்றாகப் பேசுவேன், வாசிக்கக் கொஞ்சம், எழுதத் தெரியாது." இப்படி எழுதினால் நம்புவார்கள். "மும்மொழிப் புலமை" என்று எழுதினால் நேர்முகத்தில் மெனேஜர் உடனே சிங்களத்துக்கு மாறிவிடுவார். அப்படி மாறியதும் வியர்த்துப்போன தம்பிமாரை நான் பார்த்திருக்கிறேன்.

சீவியை எந்த மொழியில் எழுதுவது? ஹோட்டல், வங்கி, கம்பனி என்றால் ஆங்கிலம். நகரத்துக் கடைகளுக்குத் தமிழ் தாராளம். ஆனால் எதற்கானாலும் முதலில் தமிழில் எழுதுங்கள். யோசனை தமிழில்தான் வரும். பிறகு ஆங்கிலப் பாட ஆசிரியரிடம் காட்டி மாற்றிக்கொள்ளலாம். கூகுளில் போட்டு மாற்றியதை வாசித்துப் பார்க்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

உங்களைத் தெரிந்த இருவர்

அடியில், உறவினர் அல்லாத இருவரின் பெயர், பதவி, தொலைபேசி. வகுப்பாசிரியர், அதிபர், விளையாட்டுப் பொறுப்பாசிரியர், சனசமூக நிலையத் தலைவர், நீங்கள் தொண்டு செய்த இடத்துப் பொறுப்பாளர் யாராவது. கட்டாயம் முன்கூட்டியே கேளுங்கள்: "சேர், இந்த ஹோட்டலுக்குச் சீவி கொடுக்கப் போறன், உங்கட பேரையும் நம்பரையும் போடலாமா?" சீவியின் ஒரு பிரதியையும் அவரிடம் கொடுங்கள். அப்போதுதான் யாராவது எடுத்துக் கேட்கும்போது அவர் தடுமாற மாட்டார். பெரிய இடத்து ஆள் என்று பாராளுமன்ற உறுப்பினர் பெயரைப் போடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. உங்களை முகம் பார்த்துத் தெரியாதவர் பெயரால் ஒரு பயனும் இல்லை.

அதற்குக் கீழே "மேற்கூறிய விபரங்கள் உண்மையானவை என உறுதிப்படுத்துகிறேன்" என்று எழுதி, திகதி, கையொப்பம். இது எங்கள் நாட்டு வழக்கம், இருந்துவிட்டுப் போகட்டும்.

அதிபரின் நற்சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் இரண்டையும் இப்போதே எடுத்து வையுங்கள். கேட்ட அன்றைக்கு ஓடினால் கிடைக்காது. சீவியோடு எல்லாச் சான்றிதழையும் குத்திக் கொடுக்கத் தேவையில்லை. கேட்டால் போட்டோகொப்பி. மூலப்பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

தட்டச்சும் அச்சும்

போனிலேயே கூகுள் டொக்ஸில் செய்யலாம். ஒரே எழுத்துரு, கறுப்பு மை, பக்க ஓரங்களில் இடைவெளி. அவ்வளவுதான் டிசைன்.

தமிழில் அடிப்பதானால் யூனிகோடில் அடியுங்கள். கொமினிகேஷன் கடைகளில் இன்னும் பாமினி எழுத்துருவில் அடிக்கிறார்கள். அது ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவங்களை ஏற்றி வைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் வேர்ட் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். அப்படி வந்த சீவி ஒன்றை நான் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து அழித்திருக்கிறேன். பாவம், யார் பிள்ளையோ. எதில் அடித்தாலும் அனுப்புவதற்கு முன் பிடிஎஃப் ஆக மாற்றுங்கள். கோப்பின் பெயர் உங்கள் பெயராக இருக்கட்டும், 'சீவி புதுசு கடைசி 2' என்று வேண்டாம்.

கடையில் பிரிண்ட் எடுத்தால், முடிந்ததும் அங்குள்ள கொம்பியூட்டரில் இருந்து கோப்பை அழித்துவிட்டு, உங்கள் மின்னஞ்சலில் இருந்தும் வட்சப்பில் இருந்தும் வெளியேறிவிட்டு வாருங்கள். உங்கள் விலாசமும் இலக்கமும் அடுத்த ஆளின் அச்சாக மாறுவது இப்படித்தான்.

பிரிண்ட் எடுத்ததும் ஒரு சோதனை. தாளை நண்பனிடம் கொடுத்து, அதில் உள்ள இலக்கத்தைப் பார்த்தே உங்களுக்கு அழைக்கச் சொல்லுங்கள். மணி அடித்தால் சரி. ஓர் இலக்கம் மாறியதால் கைக்கு வராமல் போன வேலைகள் நிறைய.

கொண்டுபோய்க் கொடுப்பது

நேரில் போகலாம், திருகோணமலையில் இன்னும் அதுதான் நல்ல வழி. ஹோட்டலுக்கு முற்பகல் பதினொன்றிலிருந்து இரண்டு வரை போகாதீர்கள், ஆட்கள் அறை விடும், அறை எடுக்கும் நேரம். மூன்று மணிக்குப் பிறகு கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். கடைகளுக்குக் காலையில், திறந்து சாம்பிராணி காட்டி முடிந்த பிறகு. தாளை மடிக்காமல் பைல் கவரில் வைத்து இரண்டு பிரதி கொண்டுபோங்கள். யாரிடம் கொடுத்தீர்கள் என்று பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வட்சப்பில் அனுப்பச் சொன்னால் வெறும் கோப்பை மட்டும் தள்ளிவிடாதீர்கள். "ஹாய் அண்ணா வேலை இருக்கா" என்றும் வேண்டாம். இப்படி எழுதலாம்: "வணக்கம் ஐயா. சாம்பல்தீவிலிருந்து எழுதுகிறேன். உங்கள் உணவகத்தில் உதவியாளர் தேவை என்ற அறிவித்தலைப் பார்த்தேன். எனது சீவியை இணைத்துள்ளேன். நேரில் வரச் சொன்னால் எந்த நாளும் வர முடியும். நன்றி." கீழே உங்கள் பெயர்.

ஒரு கிழமை கழித்து ஒரு தரம் எடுத்துக் கேட்கலாம். அதற்கு மேல் தொந்தரவு. வேலை தருவதற்கு முதலில் பதிவுக் காசு கட்டச் சொன்னால், அல்லது நேரில் பார்க்காமலே அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

பெறுபேறு வந்த அன்று எல்லோரும் போனும் கையுமாக இருப்பீர்கள். மறுநாள் அந்தக் கோப்பைத் திறந்து "எதிர்பார்க்கப்படுகிறது" என்ற வரியை எடுத்துவிட்டுப் பெறுபேற்றை எழுதுங்கள். இடையில் எங்காவது வேலை கிடைத்திருந்தால் அதைச் செய்த வேலைகளின் முதல் வரியாக, மாதத்தோடு சேருங்கள். கீழே உள்ள திகதியையும் மாற்ற மறக்க வேண்டாம்.